எதிர்மலைக்கும் தெரிந்த சிவப்புக் கரை

நனைந்த கம்பளிக்கு ஒரு நாற்றம் உண்டு. ஆட்டு வாடையும் அடுப்புப் புகையும் கலந்தது. இன்று மத்தியானம் மழைக்கு ஒதுங்கி நம் கடைக்குள் ஏறிய ஆளின் தோளிலிருந்து அது வந்தது. அவன் யார், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே கோபமும். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை மச்சான், கோபம்தான் வருகிறது. செத்தவன்மேல் கோபப்படுவது பாவம் என்கிறாள் உம்மா. பாவமாகவே இருக்கட்டும்.

வந்தவன் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை. வாசலில் தொங்கும் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

“கிறுக்கன் கடை இதுதானே? அந்தச் சிவப்புக் கரை போட்ட கம்பளி ஒங்களோடதுதானே? ஒண்ணு ரெண்டு இல்ல, தோட்டம் முழுக்க வேணும். தொரையே சொல்லி அனுப்பியிருக்காரு.”

ஒரு தோட்டம் முழுக்க. கடை திறந்த நாளிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் நீ மழையில் நின்றாய். கேட்பதற்கு நீ இல்லை. அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உன்னிடம் எனக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மிஷன் பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார முடியாமல் ஓடிவந்த இரண்டு பேர் நாம். நான் ஓடியதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என் கால் அரிக்கும், அவ்வளவுதான். உனக்குக் காரணம் இருந்தது. உன் ஐயா கங்காணி. கடலுக்கு அந்தப் பக்கம் போய் ஆள் சேர்த்துக் கூட்டிவந்து, தோட்டத்தில் வேலைக்கு விடுகிறவர். நாலு வார்த்தை இங்கிலீசு தெரிந்தால் நீயும் பெரிய கங்காணி ஆவாய் என்று அவர் உன்னைப் படிக்கப் போட்டார். நீ என்னிடம் சொன்னாய்: “எங்கய்யா ஆள வித்தாரு. நான் கம்பளி விக்கிறேன். அது போதும்.”

கடை என்று சொன்னது நாம்தான். வேறு யாரும் அதைக் கடை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்டிக் கடைவீதியிலிருந்து பிரியும் சந்தில், இரண்டு பேர் கையை நீட்டினால் சுவர் தட்டும் ஓர் அறை. உட்கார ஒரு மரப்பெட்டி. எதிரே கடைவீதி முகப்பில் பெரிய கடை. அங்கே நல்ல கதிரை இருந்தது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் கங்காணிமார் மலையிலிருந்து இறங்கி வந்து அந்தக் கதிரையில் உட்காருவார்கள். பெரிய கடைக்காரர் வெற்றிலையும் தலைப்பாகைத் துணியும் கொடுத்து உபசரிப்பார். அதோடு வியாபாரம் முடிந்தது. கங்காணி எந்தக் கதிரையில் உட்காருகிறாரோ அந்தக் கடைக் கம்பளிதான் அவருடைய கூட்டம் முழுவதற்கும். குளிரில் நடுங்குகிறவர்களிடம் எது வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நமக்குக் கதிரையும் இல்லை, வெற்றிலையும் இல்லை. ஞாயிறுக்கு ஞாயிறு ஈதான் வந்தது. தமுக்கு அடித்துப் பார்க்கலாம் என்றேன். “தமுக்கு அடிச்சா சத்தம்தான் வரும், ஆள் வராது” என்றாய். அடுத்த ஞாயிறு, நல்ல மழையில், ஒரு கம்பளியை முக்காடாக மடித்துப் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடுவில் போய் நின்றாய்.

“இந்த மழை பத்தாது! யாராவது ஒரு குடம் தண்ணி ஊத்துங்க!”

பெரிய கடைக்காரர் முகப்பில் நின்று கத்தினார்: “ஊத்துங்கடா அந்தக் கிறுக்கனுக்கு! தெளிஞ்சாலும் தெளியும்!”

சந்தை முழுக்கச் சிரித்தது. நான் வெட்கத்தில் கம்பளிக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்போதுதான் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பெண் ஒருத்தி தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தாள். பேச்சாயி. “நான் ஊத்துறேன். உள்ள நனைஞ்சிருந்துச்சு, அடுத்த கொடமும் ஒன் தலைலதான்” என்றாள். ஊற்றினாள். முக்காட்டுக்குள் கைவிட்டு உன் தோளைத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்தச் சந்தையையே உலுக்கும்படி ஒரு கூச்சல்: “அடியே, காஞ்சுதான்டி இருக்கு!”

நீ அந்தக் கம்பளியையே கழற்றி அவளுக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மச்சான், நாம கடையா போட்டீக்கிறோம், மடமா?”

“கங்காணிக்குக் குடுத்தா ஒரு வாயி. அவளுக்குக் குடுத்தா லயம் முழுக்க வாயி. பொறுத்துப் பாரு.”

பொறுத்துப் பார்த்தேன். அடுத்த சம்பள ஞாயிறில் பேச்சாயி முன்னால் நடந்தாள், அவளுடைய கங்காணி பின்னால் வந்தான். ஆறுமுகம் என்று நம் வயசுக்காரன்தான், அதற்குள் கைப்பிள்ளை ஒன்றுக்குத் தகப்பன். எந்தக் கடை என்று அவன் கேட்டிருக்கிறான். “அந்தக் கிறுக்கன் கடைதான்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கே ஒரு பலகையை என்னிடம் தந்து, மிஷன் பள்ளிக் கையெழுத்தில் ‘கிறுக்கன் கடை’ என்று எழுதச் சொன்னாய். பெரிய கடைக்காரரின் வசவை நம் வாசலில் ஆணியடித்து மாட்டினாய். அதன் பிறகு அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. சொன்னால் நமக்கு விளம்பரம் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் உனக்கு அதுவும் போதவில்லை. எல்லாக் கடைக் கம்பளியும் தூத்துக்குடியிலிருந்து ஒரே கப்பலில் வரும் ஒரே கறுப்புக் கம்பளி. போர்த்திக்கொண்டு போகிறவன் எந்தக் கடையில் வாங்கினான் என்று யாருக்குத் தெரியும்? குண்டசாலையிலிருந்து வரும் சிங்களக் கிழவியிடம் பதங்கிக் கட்டை வாங்கிக் கொதிக்கவைத்து, கம்பளி நூலைச் சிவப்பாகத் தோய்த்தெடுத்தாய். அதை என் உம்மாவின் மடியில் கொண்டுபோய்ப் போட்டாய்.

“மழைக்குப் போத்துற கம்பளிக்குக் கரை என்னத்துக்கு மகன்? கலியாணத்துக்கா போறாங்க?”

“எதிர்மலைல நிக்கிறவனுக்கும் தெரியணும் உம்மா, இது நம்ம கம்பளின்னு.”

“அப்ப என்ட தையலும் எதிர்மலைக்குத் தெரியும் என்டு செல்லு.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு பக்கமும் சங்கிலித் தையல் போட்டாள். ஒரு மூலையில் முடிச்சு. “இந்த முடிச்சு கவனம். இத அறுத்து இழுத்தா முழுக்கக் கழண்டு வந்துடும்” என்று காட்டினாள். நீ தலையாட்டினாய். எதையும் ஒரு தடவை காட்டினால் உனக்குப் போதும்.

அந்த வருஷம் பழம் பறிக்கும் காலத்தில் நாம் இருவரும் கம்பளிக் கட்டோடு ஹுன்னஸ்கிரிய ஏறினோம். பாதை திரும்பும் இடத்தில் நின்று எதிரே பார்த்தோம். பனிமூட்டம். கோப்பிச் செடிகளுக்கு நடுவில் ஆள் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. சிவப்புக் கோடுகள் மட்டும் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தன. நீ குதித்தாய். “பாருடா, நம்ம கடைப் பலகை நடந்து போகுது!” நானும் சிரித்தேன். நாம் உண்மையாகவே கெட்டிக்காரர்கள் என்று நான் நம்பியது அந்த ஒரு நாள்தான்.

பழம் பறித்து முடிந்தால் கூட்டம் கடல் தாண்டி ஊருக்குத் திரும்புவது வழக்கம். அந்த முறை துரை விடவில்லை. செடி கவ்வாத்து மிச்சம் இருக்கிறதாம். லயத்து வரிசை அறைகளில் காய்ச்சல் பரவியது. போகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். சொல்லாமல் போனால் குற்றம், பிடித்தால் சிறை, சிறைக்கு முன்னால் பிரம்பு. ஆறுமுகமும் அவன் கூட்டமும் ஒரு மழைநாளில் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியாது. நமக்குச் சொன்னது போலீஸ்காரர்.

அவர் எவ்வளவு சந்தோஷமாக வந்தார் என்பதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நம் பெட்டியில் உட்கார்ந்து தொப்பியிலிருந்த தண்ணீரை உதறினார்.

“ஒங்க கம்பளிக்கு நான் சலாம் போடணும் தம்பிகளா! காட்டுல எறங்கினவனப் புடிக்க நாயாப் பேயா அலைவோம். இந்த வாட்டி வத்தேகமப் பக்கம் ரோட்டுல நின்னுக்கிட்டே பாத்தோம். எதிர்மலைல சிவப்பா ரெண்டு கோடு! ரெண்டு பேரையும் அள்ளியாச்சு. பிரம்படியும் ஆச்சு. மழை விட்டா மிச்சத்தையும் அள்ளிடலாம்.”

நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் ஒன்றும் இல்லை. மரியாதையாகக் கேட்டாய்: “எந்தப் பக்கம் போறாங்கய்யா?”

“ரத்தோட்டை மலை ஏறி மாத்தளை ரோட்டப் புடிப்பானுங்க. வேற வழி ஏது?” எழுந்து நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். “குளிருது. எனக்கும் ஒண்ணு குடு. சிவப்பு இல்லாததாப் பாத்து.”

கொடுத்தாய். சிரித்த முகத்தோடு மடித்துக் கொடுத்தாய். அவர் சந்து திரும்பியதும் நூல் அறுக்கும் சின்னக் கத்தியை எடுத்து இடுப்பில் செருகினாய்.

“எங்க?”

“முடிச்சு எங்க இருக்குன்னு காட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. எதப் பாத்துப் புடிச்சாங்கன்னே தெரியாதுடா. இன்னமும் அதத்தான் போத்திக்கிட்டு நடப்பாங்க.”

“மாத்தளைக்குக் கோப்பி வண்டி போற தானே. வண்டிக்காரன்ட செல்லி விடுவோம்.”

“வண்டிக்காரன் காட்டுக்குள்ள போவானா? போனாலும் அவன் சொல்றத பேச்சாயி நம்புவாளா?”

“அப்ப நானும் வாறேன்.”

“கடைய யாரு பாக்குறது?” என்றாய். “கடையப் பாத்துக்க.”

வீட்டு வாசலில் உம்மா உன்னைத் தடுத்தாள். “அந்த ரோட்டுக்கே போக மாட்டேன் என்டு செல்லுவியே மகன்.” அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சின்ன வயசில் உன் ஐயா கூட்டிவந்த கூட்டத்தோடு, மாத்தளை வழியாகக் கடற்கரைக்குப் போகும் அந்த வடக்கு ரோட்டில் நடந்து வந்தபோதுதான் உன் அம்மா ஒரு மரத்தடியில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கூட்டம் நிற்காது. உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். “அந்த ரோட்டுல மறுபடி கால் வைக்க மாட்டேன்டா” என்று வாவிக்கரையில் நீ என்னிடம் சொன்னபோது நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். “மாத்தளையோட திரும்பிடுவேன் உம்மா” என்றாய். மழையில் நடந்தாய்.

கடையைப் பார்த்துக்கொண்டேன். நீ சொன்னது அதுதானே. கொஞ்ச நாளில் அதே போலீஸ்காரர் வந்தார். இந்தத் தடவை எரிச்சலோடு வந்தார். “மாயமாப் போயிட்டானுங்க. ஒரு பயலும் கண்ணுல படல.” நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று எனக்குப் புரிந்தது. அவர் போனதும் தனியாக நின்று சிரித்தேன். உனக்குப் பிடிக்குமே என்று உம்மாவிடம் தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டச் சொன்னேன். அவள் கிண்டினாள். தொதல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று உனக்குத் தெரியும். அது கெட்டுப்போகும் வரை வைத்திருந்தேன்.

அடுத்த பழக்காலத்தில் பேச்சாயி வந்தாள். வேறொரு கங்காணியின் கூட்டத்தோடு, அதே மலைக்கு. கடைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்றாள். மடியிலிருந்து ஒரு சிவப்பு நூல் உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

“அவரு எதிர்மலைல நின்னு எங்களப் பாத்துட்டு ஓடி வந்தாரு மொதலாளி. போலீசுன்னு நெனச்சு நாங்க ஓடினோம். ‘நான் கிறுக்கன்டி, நில்லுடி பேச்சாயி’ன்னு கத்தினாரு. அந்தப் பயத்துலயும் சிரிச்சுப்புட்டோம். வரிசையா ஒக்கார வச்சு, மூலை முடிச்ச அறுத்து, சர்ருனு இழுத்தாரு. நாங்களும் இழுத்தோம். நூல வீசிருவோம்னேன். ‘உம்மா திட்டும், வீணாக்கக் கூடாது’ன்னு சுருட்டி வச்சுக்கிட்டாரு.”

“பொறகு ஏன் திரும்பி வரல்ல?”

“கங்காணி புள்ளைக்குக் காச்சல். எங்கள்ல தூக்கத் தெம்புள்ள ஆளில்ல. மாத்தளை வரைக்கும்னுதான் தூக்கினாரு. மாத்தளைல எறக்கி விட மனசில்ல. இன்னும் வடக்க, நாலந்தா தாண்டி, அவருக்கே வாந்திபேதி கண்டுருச்சு. புள்ள பொழச்சுக்கிட்டான்.”

“ஏதும் சொன்னானா?”

எனக்காக ஏதாவது இட்டுக்கட்டலாமா என்று பார்த்தாள்போல. பிறகு பொய் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். “தண்ணி கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல மொதலாளி. கங்காணி தன் கம்பளியச் சுத்தித்தான் பொதைச்சாரு.”

இவ்வளவு பட்டும் ஏன் திரும்பி வந்தாய் என்று அவளிடம் கடுப்பாகக் கேட்டேன். “அங்க மழையே இல்ல மொதலாளி” என்றாள். அவ்வளவுதான் பதில். உள்ளே வா, உட்கார் என்றுகூட நான் சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். மாத்தளையோடு திரும்பிவிடுவேன் என்றாயே? கம்பளி விற்கப் போன இடத்தில் உயிரையும் சேர்த்துக் கொடு என்று யார் சொன்னது? ஒரு வண்டிக்காரனிடம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்ப உனக்கு நேரம் கிடைக்கவில்லையா? உன் அம்மாவுக்கு ஆனது உனக்கும் ஆகட்டும் என்று அந்த ரோடு காத்துக்கொண்டிருந்தது. நீ தெரிந்தே போனாய். கடையைப் பார்த்துக்க என்பது ஒரு பேச்சா? இந்தச் சந்தில், இந்தப் பெட்டியில், ஒரே இடத்தில் உட்காரவே முடியாத என்னை உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டாய்.

நான் சிவப்பு நூலை நிறுத்திவிட்டேன். வெறும் கறுப்புக் கம்பளிதான். நாம் விட்டதைப் பெரிய கடைக்காரர் பிடித்துக்கொண்டார். ஆள் வைத்துத் தைக்கிறார், அதே சங்கிலித் தையல், அதே மூலை, அதே முடிச்சு. தமுக்கும் அடிக்கிறார். கதிரையும் அவரிடம்தான். உன் யோசனை நன்றாக ஓடுகிறது மச்சான், உன்னையும் என்னையும் தவிர எல்லாருக்கும்.

இனி இன்று வந்த கணக்கப்பிள்ளை.

“சிவப்புக் கரை இல்லீங்க. நிறுத்திட்டோம்” என்றேன்.

“கரை வேணாம் தம்பி. அதச் சொல்லத்தான் வந்தேன். நடு முதுகுல ஒரு பட்டை வேணும். தையல் இல்ல, நெசவுலயே வரணும். தொரைக்குத் தூரத்துலருந்து பாத்தா ஆள் தெரியணும், அதானே? கரைன்னா உருவிடுறானுங்க.”

“உருவிடுறாங்களா?”

“எந்தத் தோட்டத்துலயும் இதே கூத்துதான். மூலைல முடிச்சாம், அறுத்து இழுத்தா ஒரே இழுப்புல வந்துடுதாம். பொம்பளைங்க பாட்டுப் பாடிக்கிட்டே உருவுறாளுக. எவன் சொல்லிக் குடுத்தான்னே தெரியல. கலஹா வரைக்கும் போயிருச்சு.”

நான் முகத்தை மாற்றாமல் கம்பளிக் கட்டைச் சரிசெய்தேன்.

“எங்களுக்கு ஏலாது. முன்னுக்கு இருக்கிற பெரிய கடையில கேளுங்க.”

அவன் போய்க் கேட்டான். கதிரையில் உட்கார்ந்ததை இங்கிருந்தே பார்த்தேன். பெரிய கடைக்காரர் செய்து கொடுப்பார். நான் மறுத்ததால் ஒரு மலையிலும் ஒருத்தன் முதுகிலும் ஒரு பட்டை குறையப்போவதில்லை. அதை நான் வீரம் என்று நினைத்துக்கொள்ளவும் இல்லை. கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கலஹா! தெற்கே கலஹா எங்கே, வடக்கே ரத்தோட்டைக் காடு எங்கே? கம்பளி விற்க நீ மழையில் நின்றாய், குடத்துத் தண்ணீரில் குளித்தாய், தொண்டை கிழியக் கத்தினாய். முடிச்சு எங்கே என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், பயந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு. அது பலகையும் தமுக்கும் இல்லாமல் மலை மலையாக நடந்து போயிருக்கிறது. உன் சரக்கு எதுவும் அப்படி ஓடவில்லையடா.

கடையையும் எங்கள் வீட்டையும் பிரிக்கும் திரைக்குப் பின்னால் உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சாயங்காலம் ஒரு சட்டியில் கடுக்காயை இடித்துப் போட்டு, துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்தாள். “நெய்ததை உருவ ஏலாது. சிவப்பைக் கறுப்பாக்க ஏலும்” என்றாள். பிறகு என்னிடம் கேட்காமலே உன் நூல் உருண்டையை எடுத்து அதன் நுனியைச் சட்டியில் முக்கினாள். நான் கத்தினேன். எத்தனை மாதமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன், அதையா தொடுவது? அவள் நுனியைத் தூக்கிக் காட்டினாள். கறுப்பு. கம்பளி நிறம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நூல், எது கம்பளி என்று தெரியவில்லை.

உருண்டை இப்போது மறுபடியும் என் பையில்தான் இருக்கிறது. நுனி மட்டும் கறுத்து, இன்னும் ஈரமாக. கோபம் அப்படியேதான் இருக்கிறது, அது எங்கும் போகாது. வருகிற ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டுக் கம்பளிக் கட்டோடு ஹுன்னஸ்கிரிய ஏறப்போகிறேன். கட்டின் மடிப்புகளுக்குள் கடுக்காய்த் தூளும் துருவும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள் இருக்கும். விலை என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

முதல் பொட்டலம் மட்டும் சும்மா. பேச்சாயிக்கு.